ஏழாம் நம்பர் டேங்கில் தட்டியது யார்?

இதில் வரும் நேரங்களை நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. டேங்குக்குள் யார் எப்போது போனார், எப்போது வெளியே வந்தார் என்று குறித்துவைக்கும் நுழைவுப் புத்தகம் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பெரும்பாலான கையெழுத்து என்னுடையது. ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் பெயர் பெர்னிஸ். வீடு மலேசியாவில், கிள்ளானில். ஷா ஆலமில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் தொழிலைச் சொன்னால் பலருக்குப் புரியாது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்றுதானே நினைக்கிறீர்கள்? பிடிக்கும். வெல்டிங் வைத்த இடத்தில் பிடிக்கும். இரும்புத் தூள் ஒட்டிய இடத்தில் பிடிக்கும். நாங்கள் ஆசிட் பூசி அந்த இரும்பைக் கரைத்து எடுப்போம். கழுவிவிட்டால், உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று தானாகவே படரும். அதற்குப் பிறகு துரு அண்டாது. பேசிவேஷன் என்று சொல்வோம்.

சோதனை பார்ப்பது என் வேலை. கடைசியில் ஒரு மருந்தைத் தெளிப்பேன். எங்காவது இரும்பு மிச்சமிருந்தால் பதினைந்து விநாடிக்குள் அந்த இடம் நீலமாகும். நீலம் வராவிட்டால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவேன். ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். இருட்டு, தனிமை, மூடிய இடம்... எதற்கும் நான் பயந்த ஆள் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

2023 ஏப்ரல் 24. நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம், செம்பனை எண்ணெயிலிருந்து சோப்புக்கு மூலப்பொருள் எடுக்கும் ஒரு தொழிற்சாலை. விடுமுறைக்காக மூடியிருந்தார்கள். அந்த இடைவெளியில் ஏழாம் நம்பர் டேங்கை முடித்துக் கொடுக்க வேண்டும். டேங்கின் அடித்தகட்டை மாற்றிப் புதிதாக வெல்டிங் வைத்திருந்தார்கள்.

இரண்டு மாடி உயரம். உள்ளே போக முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு வட்ட வாசல். இரண்டடி அகலம். தவழ்ந்துதான் நுழைய வேண்டும்.

அன்று நாங்கள் மூன்று பேர். நான். ஆசிட் அடிக்கும் குகன் அண்ணன். தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி ரேமண்ட். குகன் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இந்த வேலையில் எனக்கு முன்பிருந்தே இருப்பவர். ஆனாலும் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் "மிஸ்" தான்.

டேங்க் வேலைக்குச் சில விதிகள் உண்டு. ஒருவர் உள்ளே இருந்தால் வாசலில் ஒருவர் காவல் இருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை காவலாள் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு திருப்பித் தட்டுவார். அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். உள்ளே போகிறவரின் பெயர் அட்டை வாசல் பலகையில் தொங்கும். வெளியே வந்தால் எடுத்துவிடுவார்.

கடைசி விதிதான் முக்கியம். உள்ளே என்ன நடந்தாலும் காவலாள் உள்ளே போகக்கூடாது. டேங்குக்குள் சாகிறவர்களில் பாதிப் பேர் காப்பாற்றப் போனவர்கள் என்று பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆசிட் பூசினோம். கழுவினோம். மதியம் 2:40க்குக் கடைசித் தண்ணீரை வடித்தோம்.

3:05. நான் உள்ளே போனேன். வாசலில் குகன் அண்ணன்.

உள்ளே சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்றடிக்கும் மெஷினின் குழாய் மட்டும் "ஹூம்ம்..." என்று இரைந்தது. தரையில் தேங்கியிருந்த தண்ணீரில் காகிதத்தை நனைத்து அமிலம் எவ்வளவு என்று பார்த்தேன். வெளியே அண்ணன் எழுதிக்கொள்வதற்காகச் சத்தமாகச் சொன்னேன்.

"ஆறு புள்ளி எட்டு."

எதிரொலி வந்தது. ஆறு புள்ளி எட்டு... புள்ளி எட்டு... எட்டு...

அடங்கியது. நான் குனிந்து மருந்துக் குப்பியை எடுத்தேன்.

"ஆறு புள்ளி எட்டு."

என் குரல்தான். ஆனால் நான் பேசவில்லை.

உயரமான டேங்க், சத்தம் மேலே போய்த் திரும்பி வர நேரமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதிய வெல்டிங் முழுவதும் மருந்தைத் தெளித்தேன். எண்ணினேன். பதினைந்து விநாடி. நீலம் இல்லை. சுத்தம்.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரிலும் தெளித்தேன். அது பழைய தகடு. சோதிக்கச் சொல்லாத இடம்தான். இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்றுதான் தெளித்தேன்.

ஐந்து... ஆறு... ஏழு...

நீலம் வந்தது.

முதலில் ஒரு புள்ளி. பக்கத்தில் நான்கு. பிறகு நடுவில் ஒரு பெரிய திட்டு.

கை. மனிதக் கை.

வேலையாள் யாராவது தொட்டிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் இங்கே எல்லோரும் தடித்த ரப்பர் கையுறை போடுவோம். கையுறைக் கைக்கு ரேகை இருக்காது. இதில் ரேகை இருந்தது.

இன்னும் கொஞ்சம் மேலே தெளித்தேன். இன்னொரு கை. அதற்கு மேலே இன்னொன்று. டார்ச்சை உயர்த்தினேன். என் உயரத்துக்கும் மேலே, மருந்து பட்ட இடம் வரைக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக... நீலக் கைகள் ஏறிக்கொண்டே போயின.

உள்ளே சாரம் கட்டவே இல்லை. ஏணியும் கிடையாது.

3:22க்கு வெளியே வந்தேன். குகன் அண்ணனிடம் கைத்தடம் என்று சொல்லவில்லை. வாசல் பக்கம் இரும்பு காட்டுகிறது, எட்டும் வரைக்கும் திரும்ப ஆசிட் பூச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். மஞ்சள் ஆசிட் உடையை மாட்டிக்கொண்டு 3:30க்கு உள்ளே போனார். அவர் பெயர் அட்டையைப் பலகையில் நான்தான் தொங்கவிட்டேன்.

3:45. இரண்டு தட்டு தட்டினேன். டங்... டங்.

உள்ளிருந்து பதில். டங்... டங்.

எழுதினேன்.

3:50க்கு வானம் இருண்டது. துறைமுகப் பக்கமிருந்து மழை வந்தது, சும்மா தூறல் இல்லை, எதிரே நிற்கும் லோரி தெரியாத அளவுக்கு. ரேமண்ட் குடையோடு ஓடி வந்தார். எங்கள் பெர்மிட் நான்கு மணியோடு முடிகிறது, ஆபீசுக்குப் போய் நீட்டித்துக் கையெழுத்து வாங்கி வா, அதுவரை நான் காவல் இருக்கிறேன் என்றார். முறையாகப் புத்தகத்தில் மாற்றிக் கொடுத்தேன். காவல்: ரேமண்ட், 3:54.

ஆபீசில் இருந்தபோது ஓர் இடி. கரண்ட் போனது. நேரம் 4:01. சுவர்க் கடிகாரம் அதில்தான் நின்றது.

கரண்ட் போனால் காற்றடிக்கும் மெஷினும் நிற்கும். கையெழுத்து வாங்காமலேயே ஓடினேன். ஆபீஸ் தொழிற்சாலையின் மறுகோடியில்; கண் தெரியாத மழை.

4:12.

ரேமண்டின் நாற்காலி காலி.

புத்தகம் நாற்காலிமேல் கிடந்தது. காற்று மெஷின் ஓடவில்லை. பலகையைப் பார்த்தேன். குகன் அண்ணனின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் அவர் உள்ளே இருக்கிறார்.

சுவரில் இரண்டு தட்டு தட்டினேன். டங்... டங்.

பதில் உடனே வந்தது. டங்... டங்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

டங்.

மூன்றாவது தட்டு.

"அண்ணே, வெளிய வாங்க. கரண்ட் போச்சு."

தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும்.

"அண்ணே..."

"பெர்னிஸ்."

குகன் அண்ணனின் குரல்தான். அதே கரகரப்பு. ஆனால்... பெயர் சொல்லி.

"பெர்னிஸ், வந்து கையக் குடு. எழுந்திரிக்க முடியல."

குனிந்து வட்ட வாசல் வழியாக டார்ச் அடித்தேன். எதிர்ச் சுவரோரம் மஞ்சள் உடை தெரிந்தது. முதுகு என் பக்கம். நின்றுகொண்டிருந்தது. ஒரு கை சுவரில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

எழுந்திரிக்க முடியவில்லை என்று சொன்ன ஆள்... நின்றுகொண்டிருந்தார்.

அதை நான் கவனித்தேன். உண்மையாகவே கவனித்தேன். ஆனால் அந்த நேரத்தில் மனதில் வேறொன்றுதான் ஓடியது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவரைத் திரும்ப உள்ளே அனுப்பியது நான்.

விதி தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்.

வலது கையை உள்ளே நீட்டினேன். பிறகு தலையை.

"இன்னும் கொஞ்சம்."

குரல் எதிர்ச் சுவரிலிருந்து வரவில்லை.

என் காதோரத்திலிருந்து வந்தது. வாசலுக்கு உள்பக்கம்... சுவரை ஒட்டி... நான் பார்க்க முடியாத இடத்தில்.

பீப் பீப் பீப் பீப்.

என் நெஞ்சில் மாட்டியிருந்த வாயு மீட்டர். எண்ணைப் பார்த்தேன். ஆக்சிஜன் இருக்க வேண்டியது 20.9 சதவீதம். காட்டியது 8.6.

உள்ளே மூச்சுக்காற்று இல்லை. அங்கே யாரும் நின்றுகொண்டிருக்க முடியாது. யாரும் பேச முடியாது.

பின்வாங்க நினைத்தேன். உடம்பு கேட்கவில்லை. கண் இருட்டியது.

நீட்டிய கையில் ஏதோ பட்டது.

ஈரம். ஐந்து விரல்.

யாரோ என் இடுப்பு வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். சிமெண்டுத் தரையில் விழுந்தேன். மழைச் சாரல் முகத்தில் அடித்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

குகன் அண்ணன். வெளியே. மழையில் நனைந்து, மஞ்சள் உடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.

"மிஸ், உள்ள போகாதீங்க. நைட்ரஜன் வந்திருச்சு."

நான் அவரையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பெர்னிஸ்."

உள்ளிருந்து. அதே குரல். அவருடைய குரல்.

இந்த முறை அவரும் கேட்டார்.

அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"மிஸ்... அது நானா?"



டங்... டங்... டங்.

பிறகு தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 4:01க்குக் கரண்ட் போனதும், எண்ணெய் கெடாமல் இருக்க டேங்கில் நிரப்பும் நைட்ரஜன் குழாயின் வால்வு தானாகத் திறந்துகொண்டது. அந்தக் குழாயைத் தகடு போட்டு அடைத்திருக்க வேண்டும். ஆனால் வால்வை மூடி எச்சரிக்கை அட்டை மட்டும் மாட்டியிருந்தார்கள். குகன் அண்ணனின் மீட்டர் 4:03க்குக் கத்தியது. அவர் உடனே வெளியே வந்துவிட்டார். அவரும் ரேமண்டும் டேங்குக்குப் பின்னால் ஓடிப் போய்க் கைவால்வைத் திருகி அடைத்தார்கள். அவசரத்தில் பலகையிலிருந்த பெயர் அட்டையை எடுக்கவில்லை. வாசலில் ஆள் வைக்கவில்லை. அது தப்பு என்று ரேமண்டே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அப்படியென்றால் 4:12க்கு டேங்குக்குள் யாரும் இல்லை.

ரேமண்ட் திரும்பி வந்தபோது தட்டும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் கேட்டார். 4:31க்குக் கரண்ட் வந்தது. காற்று மெஷின் இரைய ஆரம்பித்தது. தட்டுவது நின்றது.

5:10க்கு மீட்டரைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தோம். 20.9. அதன் பிறகு டார்ச் அடித்தோம். காலி. குகன் அண்ணன் பூசித் தரையில் வழிந்திருந்த ஆசிட்டின்மேல் அவருடைய பூட்ஸ் தடம் மட்டும்தான் இருந்தது. வாசல் வரைக்கும், ஒரே ஒரு வரிசை.

எங்கள் முதலாளி சிவநேசன் நல்ல மனிதர். அன்று சாயங்காலமே வந்துவிட்டார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நைட்ரஜன் கசிந்தது, வால்வு, அட்டை, எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதச் சொன்னார். குரலை எழுத வேண்டாம் என்றார். எழுதினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள் என்றார். நானும் எழுதவில்லை. குகன் அண்ணன் அந்த வாரமே டேங்க் வேலையை விட்டுவிட்டார். இப்போது லோரி ஓட்டுகிறார். போனில் பேசுவார். அந்த நாளைப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

மூன்று வாரம் கழித்து ரேமண்ட் என்னைக் கூப்பிட்டார். அவர் அந்தத் தொழிற்சாலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பழைய கோப்புகளைத் தோண்டியிருக்கிறார். ஏழாம் நம்பர் டேங்க் அங்கே செய்ததல்ல. அதே கம்பெனி ரவாங்கில் நடத்தி மூடிவிட்ட தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தது. ரவாங்கில் இருந்தபோது, 2012இல், அதற்குள் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். உள்ளே வேலை செய்த தனேஷ். வாசலில் காவல் இருந்த விஜயன். விஜயனின் மனைவி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார் என்று சொல்லி ரேமண்ட் ஒரு முகவரி கொடுத்தார். எனக்குப் போக மனமில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

சேலைக் கடை ஒன்றின் மாடியில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். தனலெட்சுமி. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் எந்த டேங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று சொன்னதும் தையல் மெஷினை நிறுத்தினார். கீழே கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் கொஞ்ச நேரம் யாரையும் மேலே அனுப்பாதே என்று குரல் கொடுத்தார். எனக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

இறந்த தனேஷ் அவருடைய சொந்தத் தம்பி. காவலுக்கு இருந்தவர் கணவர். ஒரே நாளில் இரண்டு பேர். அதைக்கூட அவர் அமைதியாகச் சொன்னார். அவருக்கு ஆறாதது வேறு. மத்தியானம் ஒன்றரைக்கு முன்பே தனேஷின் உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். ஆனால் விஜயனின் புத்தகத்தில் மூன்றரை வரைக்கும், கால் மணிக்கு ஒருமுறை, "தட்டினேன், பதில் வந்தது" என்று இருந்தது. தூங்கிவிட்டுப் பொய்யாக எழுதியிருக்கிறார் என்று கம்பெனி முடிவு கட்டியது. பிறகு பயந்துபோய் விதியை மீறி உள்ளே போய்ச் செத்தார் என்று கோப்பை மூடிவிட்டார்கள். பொய் எழுதியவனின் பெண்டாட்டி என்று பதினோரு வருடமாக அவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

நான் என் கதையைச் சொன்னேன். மூன்றாவது தட்டு வரைக்கும். குரல் வரைக்கும். முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆள் இல்லாத டேங்கிலிருந்து எனக்கும் பதில் வந்தது, என் கையால் எழுதியிருக்கிறேன், உங்கள் கணவர் பொய் எழுதவில்லை என்றேன். வேண்டிய இடத்தில் வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அன்று 3:40க்கு விஜயன் அவருக்குப் போன் செய்திருக்கிறார். தம்பி உள்ளே இருந்து கூப்பிடுகிறான், குரல் ஒரு மாதிரி இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று.

"போகாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேம்மா. போன்ல எனக்கும் அந்தக் குரல் கேட்டுச்சு."

தம்பியின் குரலா என்று கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"முதல்ல அவன் மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் மாறிருச்சு. வாங்க, வாங்கன்னு... அது என் குரல்மா. நான் இங்க வீட்ல நின்னு போகாதீங்கன்னு கத்துறேன். அங்க உள்ள இருந்து நான் கூப்பிடுறேன்."

வெளியே மோனோரயில் போகும் சத்தம் கேட்டது. அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

"அவரு கடைசியா போன்ல ஒன்னுதான் கேட்டாரு. 'லெட்சுமி, நீ எப்ப உள்ள போன?'"